கறையா, மச்சமா? பழைய படமொன்றைச் சீரமைத்தபோது லேயர்களில் நேர்ந்தவை

பின்னணி

இறந்துபோன தாயின் படம் ஒன்றைச் சீரமைத்துப் பெரிதாக்கித் தரும்படி அவருடைய மகள் எங்களிடம் கொடுத்தார். 15 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள கருப்பு வெள்ளை அச்சுப் பிரதி அது. நெகட்டிவ் இல்லை. நாற்காலியில் அமர்ந்திருக்கும் தாய், அவர் முழங்காலில் கைவைத்து நிற்கும் சிறுவன், பின்னால் இரண்டு ஆண்கள் என்று படத்தில் நான்கு பேர். தாயின் முகம் தெளிவாகத் தெரியும் படம் வீட்டில் இது ஒன்றுதான் என்று மகள் சொன்னார். 60 செ.மீ. அகலத்தில் அச்சிட வேண்டும் என்பது கோரிக்கை.

பழுதுகளைச் சொல்லிவிடுகிறேன். குறுக்கே ஒரு மடிப்பு, அது சிறுவனின் விரல்கள் வழியாகப் போயிற்று. படம் முழுக்கப் பழுப்பு நிறப் புள்ளிகள். மூலையில் நீல மையில் மங்கலாக ஏதோ எழுத்து. மொத்தத்தில் வெளுத்து, கருப்பு எல்லாம் சாம்பலாகியிருந்தது.

வேலை செய்தவர்கள் இருவர். மேற்பார்வை என்னுடையது. திருத்தம் செய்தவர், கணினிக்கு முன்பே அச்சுப் படத்தின்மேல் மெல்லிய தூரிகையால் புள்ளி தொட்டுப் பழகியவர். கை மிகச் சுத்தம். ஆனால் அந்தப் பழக்கத்தில் ஒரு விஷயம் உண்டு: தொட்டது தொட்டதுதான், திரும்பப் பெற முடியாது. கணினிக்கு வந்த பிறகும் அவர் வேலை செய்யும் விதம் அதுவாகவே இருந்தது. இதை நான் முன்பே கவனித்திருந்தும் பேசாமல் இருந்தேன், ஏனென்றால் விளைவு எப்போதும் நன்றாக இருந்தது.

ஸ்கேன் மட்டும் நான் செய்தேன்: 1200 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 1200 பிக்சல்), கலர், 16 பிட் (வெளிச்சத்தின் படிகளை 8 பிட்டைவிட நுட்பமாகப் பதியும் அளவு), டிஃப் ஃபைல். படம் நான்கு மடங்கு பெரிதாகும்போது 300 பிபிஐ கிடைக்க வேண்டும் என்பது கணக்கு. 7,087 × 4,724 பிக்சல் வந்தது, அதாவது ஏறக்குறைய 3.35 கோடி பிக்சல். கருப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் ஸ்கேன் எதற்கு என்று திருத்தியவர் கேட்டார். வழக்கம் அப்படி என்று சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த ஆய்வை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

முதல் சுற்று

ஃபோட்டோஷாப்பில் ஃபைலைத் திறந்ததும் அவர் முதலில் செய்தது, அதை கிரேஸ்கேலுக்கும் (நிறத் தகவல் இல்லாத சாம்பல் படம்) 8 பிட்டுக்கும் மாற்றியது. பிறகு லேயரை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித்தாள் போன்ற அடுக்கை, ஒரு முறை நகலெடுத்தார். அந்த நகலின்மேலேயே, ஓரிடத்துப் பிக்சலை எடுத்து இன்னோரிடத்தை மூடும் ஹீலிங் பிரஷ், குளோன் ஸ்டாம்ப் இரண்டாலும் தூசி, கறை, மடிப்பு, மூலை எழுத்து எல்லாவற்றையும் சரிசெய்தார். கடைசியில் மெனுவிலிருந்து வெளிச்சம், இருட்டு அளவை மாற்றும் லெவல்ஸ் எடுத்து, வெளுப்பை அதே லேயரில் நேரடியாகச் சரிக்கட்டினார். ஒன்பது மணி நேர வேலை.

ஃபைலில் இரண்டு லேயர்கள் இருந்தன. கீழே மூலம், மேலே சரிசெய்தது. இதை ‘லேயரில் செய்த வேலை’ என்றே நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டோம். உண்மையில் அங்கே இருந்தவை இரண்டு படங்கள்: முன்பு, பின்பு. நடுவில் எடுத்த நூற்றுக்கணக்கான முடிவுகளில் ஒன்றைக்கூடத் தனியாகப் பிரிக்க வழியில்லை.

மாதிரிப் படத்தை அனுப்பும் முன் நான் பார்த்தேன். நன்றாக இருந்தது. ஒப்புதல் கொடுத்தது நான்தான்.

மகள் பார்த்தபோது

அவர் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அம்மா மாதிரி இருக்கு. ஆனா அம்மா இல்ல” என்றார். என்ன குறை என்று அவருக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. பழைய பிரதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் வெளிவந்தது: இடது கன்னத்தில் மூக்குக்குச் சற்றுத் தள்ளி ஒரு மச்சம் இருந்திருக்கிறது. அதை நாங்கள் கறையோடு கறையாகத் துடைத்துவிட்டோம்.

சிறுவனின் கையைப் பற்றியும் ஒன்று சொன்னார். மடிப்பை மறைக்கும்போது ஒரு விரல் கணு காணாமல் போயிருந்தது. அது சிறிய பிழை. மச்சம் சிறிய பிழை இல்லை.

கவனித்தவை

முதலில் தோன்றிய வழி சுலபமானது. மேல் லேயருக்கு ஒரு மாஸ்க் போட்டு, மச்சம் இருந்த இடத்தில் மட்டும் கருப்பு தடவினால் கீழே உள்ள மூலம் அந்த ஓட்டை வழியே தெரியும். மாஸ்க்கில் கருப்பு மறைக்கும், வெள்ளை காட்டும். ஒரு நிமிட வேலை என்று நினைத்தோம்.

தடவியதும் கன்னத்தில் வெளிறிய வட்டம் ஒன்று வந்தது. மேல் லேயரில் லெவல்ஸ் ஏற்கெனவே கலந்துவிட்டது, கீழ் லேயரில் அது இல்லை. கீழே அதே அளவு லெவல்ஸ் கொடுத்துப் பொருத்தப் பார்த்தோம். என்ன எண்கள் கொடுத்தோம் என்பது எங்கும் பதிவாகவில்லை. கண்ணளவில் பொருத்தியபோது ஓரம் தெரிந்தது. இதைவிடப் பெரிய சிக்கல் வேறு: அந்த இடத்தில் ஒரு புள்ளி இல்லை, ஐந்து புள்ளிகள் இருந்தன. ஐந்தும் ஒரே மாதிரிச் சாம்பல். எது மச்சம், எது கறை?

மகளுக்கு ‘மூக்குக்குச் சற்றுத் தள்ளி’ என்பதுதான் நினைவு. அவரிடம் சுட்டிக்காட்டச் சொன்னால் காட்டியிருப்பார், ஆனால் நினைவு அப்படி மில்லிமீட்டர் கணக்கில் வேலை செய்யாது. தவறாகக் காட்டிவிட்டு அவரே பிறகு குழம்புவார்.

அப்போதுதான் கலர் ஸ்கேனைத் திறந்தோம். அதில் சிவப்பு, பச்சை, நீல ஒளியின் பதிவுகள் மூன்று சேனல்களாகத் தனித்தனியே இருக்கும். மஞ்சளும் பழுப்புமான கறை நீல ஒளியை விழுங்கும், சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். அதனால் அத்தகைய கறை நீலச் சேனலில் அழுத்தமாகத் தெரியும், சிவப்புச் சேனலில் கிட்டத்தட்ட மறைந்துவிடும். கேமரா பதிவுசெய்தது வெள்ளித் துகள்களால் ஆன உருவம். அது மூன்று சேனலிலும் இருக்கும். நீலத்தில் பார்த்தோம்: ஐந்து புள்ளிகள். சிவப்புக்கு மாறினோம்: நான்கு போய்விட்டன. ஒன்று அப்படியே நின்றது.

திருத்தியவர் ஒன்றும் பேசவில்லை. முதல் நிமிடத்திலேயே கிரேஸ்கேலுக்கு மாற்றியபோது, மச்சத்தையும் கறையையும் பிரித்துக் காட்டக்கூடிய ஒரே சான்றை நாங்களே கலைத்துப்போட்டிருக்கிறோம்.

எடுத்த முடிவும் காரணமும்

மூன்று வழிகள் பேசப்பட்டன. முதலாவது, இருக்கும் படத்தில் மச்சத்தை வரைந்துவிடுவது. பத்து நிமிடம் ஆகும், யாருக்கும் தெரியாது. இதை நான் மறுத்தேன். அந்தப் பெண்ணை நேரில் பார்த்திராத ஒருவர் அவர் முகத்தில் ஒன்றை வரைவது சீரமைப்பு ஆகாது. இரண்டாவது, ஸ்கேனின் சிவப்புச் சேனலிலிருந்து கன்னத்தை மட்டும் வெட்டிக் கொண்டுவந்து ஒட்டுவது. இது சாத்தியம்தான். ஆனால் முகத்தின் மற்ற இடங்களில் வேறு எதையெல்லாம் துடைத்தோம் என்பது தெரியாத நிலையில், தெரிந்த ஒன்றை மட்டும் திருப்பி வைப்பது மனதுக்கு ஒப்பவில்லை. மூன்றாவது, டிஃப் ஃபைலிலிருந்து முழுவதையும் மறுபடி தொடங்குவது.

மூன்றாவதைத் தேர்ந்தோம். ஒன்பது மணி நேர உழைப்பு வீண். திருத்தியவருக்கு வருத்தம் இருந்தது, அது நியாயமானதும்கூட. “இத்தனை லேயர் போட்டா வேலை ஓடாது சார்” என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது, அதைப் பின்னால் பார்க்கலாம்.

இரண்டாம் சுற்று

இம்முறை 16 பிட் கலரிலேயே வைத்துக்கொண்டோம். அடியில் மூலம், பூட்டிய நிலையில். அதற்கு மேல் தூசிக்கும் கீறலுக்கும் ஒரு வெற்று லேயர். ஹீலிங் பிரஷ்ஷில் மாதிரி எடுக்கும் தெரிவை (எந்த லேயர்களிலிருந்து பிக்சலை எடுப்பது என்பதை) ‘இந்த லேயரும் கீழுள்ளவையும்’ என்று வைத்தால், திருத்தம் மட்டும் இந்த வெற்று லேயரில் விழும், மூலத்தில் ஒரு பிக்சலும் மாறாது. மடிப்புக்கு ஒன்று, மூலை எழுத்துக்கு ஒன்று, சிறுவனின் கைக்கு ஒன்று என்று தனித்தனி லேயர்கள்.

கறைக்குத்தான் முதலில் பயந்தோம், கடைசியில் மிகக் குறைந்த வேலை அதற்குத்தான் ஆனது. சேனல்களின் பங்கை மாற்றும் சேனல் மிக்ஸர் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (பிக்சலைத் தொடாமல் கீழுள்ளவற்றின் தோற்றத்தை மட்டும் மாற்றும் லேயர்) ஒன்றைப் போட்டு, மோனோக்ரோம் ஆக்கி, சிவப்பு 100, பச்சை 0, நீலம் 0 என்று வைத்தோம். படம் கருப்பு வெள்ளையானது. முதல் சுற்றில் மணிக்கணக்கில் ஒவ்வொன்றாகத் தொட்ட புள்ளிகளில் பெரும்பாலானவை தாமாகவே போயின. மச்சம் தானாகவே நின்றது. நாங்கள் எதையும் துடைக்கவும் இல்லை, வரையவும் இல்லை.

அதற்கு மேலே வெளுப்பைச் சரிக்கட்ட ஒரு கர்வ்ஸ் லேயர். மடிப்பின் ஓரத்தில் மிஞ்சிய நிழலைச் சமன்செய்ய, 50 சதவீதச் சாம்பல் நிரப்பி சாஃப்ட் லைட் முறையில் வைத்த இன்னொரு லேயர். நடுச் சாம்பல் அந்த முறையில் கீழே உள்ளதை மாற்றாது. அதைவிட வெளிச்சமாகத் தடவினால் படம் வெளுக்கும், இருட்டாகத் தடவினால் கருக்கும்.

‘சந்தேகம்’ என்று பெயரிட்ட ஒரு குரூப்பும் (லேயர்களின் தொகுப்பு) வைத்தோம். முகங்களில் எது கறை, எது உடலின் அடையாளம் என்று உறுதியாகாத ஒவ்வொரு புள்ளிக்கும் அதில் ஒரு சிறு லேயர். மகளிடம் கேட்ட பிறகு அதை வைப்பதா, எடுப்பதா என்று முடிவு செய்யலாம். இந்த யோசனை திருத்தியவருடையது. லேயர்களை அவர் ஏற்றுக்கொண்டது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். அவர் கவலை எப்போதுமே வேகம் மட்டும் இல்லை, தவறாகத் துடைத்துவிட்டோமே என்பதும்தான்.

இரண்டாவது தடங்கல்

எல்லாம் ஒழுங்காகப் போய்விடவில்லை. மச்சத்தோடு இரண்டாவது மாதிரி போயிற்று. முகத்தை மகள் உடனே ஏற்றுக்கொண்டார். சிறுவனின் விரல் மட்டும் இன்னும் சரியில்லை, சற்றுத் தடித்துவிட்டது என்றார். திருத்தியவர் ‘கை’ லேயரைத் திறந்து திருத்தினார். திரையில் எந்த மாற்றமும் இல்லை. மறுபடி தடவினார். இல்லை. ஃபைல் பழுதாகிவிட்டது என்று நினைத்து, மேலே புதிதாக ஒரு லேயர் போட்டு, மாதிரி எடுக்கும் தெரிவை ‘எல்லா லேயர்களும்’ என்று மாற்றிக் குளோன் செய்தார். இப்போது மாற்றம் வந்தது. ஆனால் விரல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிவிட்டது.

கூடவே இன்னொன்று: ஃபைலைச் சேமிக்க முடியவில்லை. ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி வடிவத்தின் எல்லை 2 ஜிபி, அதைத் தாண்டியிருந்தது.

லேயர் பட்டியலில், லேயரைக் காட்டவும் மறைக்கவும் உள்ள கண் குறிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்ததில் மூன்று சிக்கல்களில் இரண்டுக்கு வேர் ஒன்றே என்று தெரிந்தது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ‘பாதுகாப்புக்காக’ அதுவரை தெரிந்த எல்லாவற்றையும் சேர்த்து ஒரே முழு லேயராகப் பதித்து வைத்திருந்தார். மச்சத்தை இழந்த அனுபவத்தில் வந்த பயம் அது. இப்படிப் பத்துப் பதிப்புகள். இந்த அளவில், மூன்று சேனலும் 16 பிட்டும் சேர்ந்தால் ஒரு முழு லேயருக்குச் சுமார் 200 எம்பி. திருத்தம் மட்டும் உள்ள வெற்று லேயர்கள் அவ்வளவு இடம் பிடிப்பதில்லை. ஃபைலை ஊதவைத்தவை இந்தப் பதிப்புகள்தான்.

அவற்றில் ஒன்று கண் திறந்தபடி, ‘கை’ லேயருக்கு மேலும் கர்வ்ஸுக்குக் கீழும் உட்கார்ந்திருந்தது. இரைச்சல் (படத்தில் தெரியும் துகள்போன்ற சொரசொரப்பு) குறைக்கும் ஃபில்டரை அதில் போட்டிருந்தார். முழுப் படத்தையும் மூடிய, ஓட்டை இல்லாத லேயர் அது. அதற்குக் கீழே என்ன செய்தாலும் மேலே தெரிய வழியில்லை. மூடி போட்ட பாத்திரத்துக்குள் கிளறிக்கொண்டிருந்திருக்கிறார்.

விரல் வெளிறியதற்குக் காரணம் வேறு. புதிய லேயர் கர்வ்ஸுக்குக் கீழே இருந்தது. ‘எல்லா லேயர்களும்’ என்று மாதிரி எடுக்கும்போது, கர்வ்ஸ் ஏற்கெனவே வெளிச்சமாக்கிய பிக்சலைத்தான் குளோன் எடுத்து ஒட்டுகிறது. ஒட்டிய பிறகு அதன்மேல் கர்வ்ஸ் மறுபடி வேலை செய்கிறது. ஒரே திருத்தம் இரண்டு முறை. வெளிர் நிறக் கையில் இது பளிச்சென்று தெரிந்துவிட்டது. நடுத்தர நிறத்தில் நடந்திருந்தால் லேசாக மட்டும் மாறி, அச்சுக்குப் போன பிறகுதான் கண்ணில் பட்டிருக்கும். மாதிரி எடுக்கும்போது அட்ஜஸ்ட்மென்ட் லேயர்களைக் கணக்கில் சேர்க்காதே என்று சொல்ல அதே கருவிப்பட்டையில் ஒரு சிறு பொத்தான் உண்டு. நாங்கள் இருவருமே அதுவரை அதை அழுத்தியதில்லை.

பத்துப் பதிப்புகளையும் அழித்தோம். விரலைப் பழைய ‘கை’ லேயரிலேயே சரிசெய்தோம். இரைச்சல் குறைப்பை எங்கே வைப்பது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. கீழுள்ள லேயர்களை எல்லாம் ஒரு ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக (லேயர்களை உள்ளே அப்படியே பொதிந்து வைக்கும் ஒற்றை லேயர்) மாற்றி ஃபில்டரை அதன்மேல் போடுவது முறையான வழி: எண்களைப் பிறகு மாற்றலாம், உள்ளே திறந்து திருத்தினால் வெளியே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு சிறு திருத்தத்துக்கும் உள்ளே போய் வர வேண்டும், எங்கள் கணினியில் ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டியிருந்தது. ‘வேலை ஓடாது’ என்று அவர் சொன்னது இந்த இடத்தில் சரியாகவே இருந்தது. கடைசியில், எல்லாத் திருத்தமும் முடிந்து மகள் ஒப்புக்கொண்ட பிறகு மட்டும், அச்சுக்குப் போகும் தனி நகலில் இரைச்சல் குறைப்பைப் போடுவது என்று முடிவெடுத்தோம். வேலை செய்யும் ஃபைலில் அது இல்லை.

விளைவு

இரண்டாம் சுற்றுக்குப் பதினான்கு மணி நேரம் ஆனது, அதில் மூன்று மணி நேரம் அந்தத் தடங்கலுக்கு. அச்சுப் படத்தை மகள் பெற்றுக்கொண்டார்.

சில வாரங்கள் கழித்து மறுபடி தொடர்புகொண்டார். மூலையில் இருந்த நீல மை எழுத்து அவர் அப்பாவின் கையெழுத்து என்று உறவினர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அது தெரியும்படி இன்னொரு பிரதி வேண்டும். ‘மூலை எழுத்து’ லேயரின் கண்ணை அணைத்தோம். எழுத்து வந்தது, ஆனால் மூலத்தில் இருந்ததைவிட மிகக் கருப்பாக வந்தது. பழுப்புக் கறைக்கு நேர் எதிராக, நீல மை சிவப்பு ஒளியை விழுங்கும். சிவப்புச் சேனலை மட்டும் எடுத்ததால் அது அழுத்தமாகிவிட்டது. மூலைக்கு மட்டும் இன்னொரு சேனல் மிக்ஸர், நீலத்தின் பங்கைக் கூட்டி, மாஸ்க்கோடு போட்டோம். பத்து நிமிடத்தில் முடிந்தது. முதல் சுற்று ஃபைலாக இருந்திருந்தால் இந்த எழுத்தை மட்டும் இப்படித் தனியாகத் திருப்பி எடுக்க முடிந்திருக்காது.

இனி மாற்றிக்கொள்பவை

ஸ்கேனைத் திறந்ததும் மூன்று சேனல்களையும் தனித்தனியாகப் பார்க்காமல் யாரும் நிறத்தை மாற்றுவதில்லை. முகத்தில் உள்ள எந்தப் புள்ளியையும், வீட்டாரிடம் கேட்காமல் எடுப்பதில்லை. மாதிரி அனுப்பும்போது சீரமைக்காத ஸ்கேனையும் பக்கத்தில் வைத்து அனுப்புகிறோம். முதல் மாதிரியை நான் தனியாகப் பார்த்து ஒப்புதல் கொடுத்ததில் என் தவறு இதுதான்: சீரமைத்த படத்தை மட்டும் பார்த்தால் அதில் இல்லாதது கண்ணில் படாது.

லேயர்களைப் பொறுத்தவரை, எண்ணிக்கையைக் கூட்டுவது எங்கள் நோக்கம் இல்லை. தூசிக்கு ஒரே லேயர் போதும், ஐம்பது புள்ளிக்கு ஐம்பது லேயர் வேண்டாம். பின்னால் யாராவது ‘இதை மட்டும் திருப்பித் தாருங்கள்’ என்று கேட்கக்கூடியது எதுவோ அதற்குத்தான் தனி லேயர். முழுப் படத்தையும் மூடும் லேயர் நடுவில் வந்தால், ஏன் வந்தது என்பதை அதன் பெயரிலேயே எழுத வேண்டும். பாதுகாப்புக்கு வேறு பெயரில் ஃபைலைச் சேமித்தால் போதும்.

இதில் நாங்கள் இன்னும் ஒத்துப்போகாத ஒன்று உண்டு. ‘சந்தேகம்’ குரூப்பை வாடிக்கையாளருக்குக் காட்டலாமா என்பது அது. காட்டினால் இல்லாத கேள்விகளையும் எழுப்பிவிடுவோம் என்பது திருத்துபவரின் கருத்து. காட்டியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. இந்தப் படத்தின் ஃபைலில் அந்தக் குரூப் இன்னும் இருக்கிறது. பின்னால் நிற்கும் ஆண்களில் ஒருவரின் நெற்றியில் இரண்டு புள்ளிகள், சிவப்புச் சேனலிலும் மறையாதவை. அவரை நேரில் பார்த்தவர்கள் வீட்டில் யாரும் இல்லை. இரண்டையும் மூலத்தில் உள்ளபடியே அச்சிட்டோம். அவற்றை மறைக்கும் இரண்டு லேயர்களும் கண் மூடிய நிலையில் அப்படியே இருக்கின்றன.